மூச்சிளைப்பும் இதயத்தின் எதிரொலியும்

கித்துல்கல என்றவுடன் பலருக்கு நினைவில் எழுவது களனி கங்கையின் வெண்ணுரை வெள்ளமும், அங்கே பெரியதொரு மரப்பாலத்தைக் கட்டிப் பின்னர் அதனையே வெடிவைத்துத் தகர்த்துப் படமாக்கி 1957 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘குவாய் நதிப் பாலம்’ என்னும் ஆங்கிலத் திரைப்படமுமே ஆகும். படகோட்டி விளையாட வருவோர் காண்பது ஆற்றை மட்டுமே. ஆற்றினின்றும் கண்ணை எடுத்து மேலே நோக்குவோர்க்கோ, இறப்பர் மரங்களும் தேயிலைச் செடிகளும் அடர்ந்த சரிவுகளும், அவற்றினிடையே தகரக்கூரை வேய்ந்த லயங்களும் தென்படும். அச்சரிவுகளில் வாழ்வோர்க்குச் சமநிலம் அரிது. தண்ணீர்க் குழாயடிக்குச் செல்வது இறக்கமாயின் திரும்புவது ஏற்றம். மலைக்குச் செல்வதும் ஏற்றம். கொழுந்தைச் சுமந்து மடுவத்திற்கு வருவதும் பலவிடங்களில் ஏற்றமே. ஆதலால் அங்கு ஒருவருக்கு மூச்சு முட்டத் தொடங்கின், அதனை வைத்தியருக்கு முன்னதாக அறிவிப்பது அவர் நாள்தோறும் ஏறும் படிக்கட்டே எனலாம்.

முப்பத்தைந்து வயதுள்ள ஒரு பெண்ணை எண்ணிப் பார்ப்போம். சென்ற ஆண்டு வரையில் நில்லாமல் ஏறிய படிகளில், இப்பொழுது இரண்டிடங்களில் நின்று இளைப்பாறி ஏறுகிறாள். பிரட்டுக்களத்திற்குப் பிந்தி வருகிறாள். மாலையிலே கணுக்கால் சற்று வீங்குகிறது. “ஒடம்புல ரத்தம் பத்தல” என்பார் ஒருவர். “இளைப்பு வியாதி” என்பார் மற்றொருவர். “வயசு போகுதுல்ல” என்று முடித்துவிடுவார் மூன்றாமவர். தோட்டத்து மருந்தகத்தில் இரும்புச்சத்து மாத்திரையோ, இளைப்புக்குரிய மருந்தோ கொடுப்பார்கள். இவற்றைப் பிழையென்று தள்ளிவிடலாகாது. குருதிச்சோகையும் ஆஸ்துமாவும் தோட்டங்களில் அருமையானவை அல்ல. மருந்தினால் அநேகர் குணமடைகின்றனர். மருந்து உண்டும் மூச்சிளைப்பு மாறாதவர்களைப் பற்றியதே இங்கு எழும் வினா. அவர்களுட் சிலருக்கு நோயின் உறைவிடம் கையில் பட்டி சுற்றி அளக்கும் குருதியமுக்கத்தில் இல்லை. அது சுவாசப்பைகளுக்குக் குருதியைக் கொண்டுசெல்லும் குழாய்களிலே ஏற்பட்ட அமுக்கம். கையிற் சுற்றிய பட்டிக்கு அவ்வமுக்கம் தெரியாது. கையிலே 110 என்றும் 70 என்றும் நல்ல இலக்கங்கள் காட்டிக்கொண்டிருக்கும்போதே, மார்பினுள்ளே வேறோர் அமுக்கம் இருமடங்காகவும் மும்மடங்காகவும் உயர்ந்திருத்தல் கூடும்.

இது எவ்வாறு இயலும் என்பதை அறிய, இதயம் ஒன்றா இரண்டா என்று கேட்டல் வேண்டும். பார்வைக்கு ஒன்று, வேலையில் இரண்டு. இடப்பக்க இதயம் உடல் முழுவதற்கும் குருதியைத் தள்ளுகிறது. வலப்பக்க இதயம் உடலிலிருந்து திரும்பிவந்த குருதியை அண்மையிலுள்ள சுவாசப்பைகளுக்கு மட்டும் தள்ளுகிறது. இரண்டும் தள்ளும் அளவு ஒன்றே; வளர்ந்த ஒருவர் ஓய்வாக இருக்கும்போது நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லீற்றர். அளவு ஒன்றாயினும் உழைப்பு ஒன்றன்று. உடலின் பெருநாடியில் சராசரி அமுக்கம் இரசமானியில் 90 மில்லிமீற்றருக்கு அண்மையில் இருக்க, சுவாசப்பை நாடியில் அது 14 மில்லிமீற்றர் அளவினதே. சுவாசப்பையின் குழாய்கள் அகன்று, நெகிழ்ந்து, குருதிக்கு எளிதில் வழிவிடுவதே இதற்குக் காரணம். எனவே வலது இதயவறையின் சுவர், இடது இதயவறையின் சுவரைப்போல் தடித்ததாக அமையவில்லை. சுமை தூக்கப் பழகாத மெல்லிய தசை அது.

சுவாசப்பைக் குழாய்கள் ஏதேனும் ஒரு காரணத்தால் ஒடுங்கினாலும், தடித்தாலும், அடைபட்டாலும், அல்லது அவற்றிற்கு அப்பால் இடப்பக்க இதயத்திலே குருதி தேங்கினாலும், இம்மெல்லிய தசை பழகாத சுமையைத் தள்ள வேண்டியதாகிறது. சில காலம் தடித்துச் சமாளிக்கும். பின்னர் விரிந்து தளரும். தளர்ந்தபின் குருதி பின்னோக்கித் தேங்கி, கால் வீங்கும், ஈரல் பெருக்கும், கழுத்து நாளம் புடைக்கும். ஏற்றம் ஏறும்பொழுது மயக்கம் வருதலும் உண்டு. தொடக்கத்தில் இருக்கும் ஒரே அறிகுறி மூச்சிளைப்பு. அதுவோ நூறு நோய்களுக்குப் பொதுவானது. ஆதலால்தான் இந்நோயைக் கண்டறிய மாதங்கள் மட்டுமன்றி ஆண்டுகளும் கழிந்துவிடுகின்றன.

இவ்வமுக்கத்தை நேரே அளக்க ஒரு வழி உண்டு. 1929 ஆம் ஆண்டில் ஜெர்மனியில் எபர்ஸ்வால்டே என்னும் ஊரில் வேர்னர் போர்ஸ்மன் என்ற இளம் வைத்தியர், தம் கையின் நாளமொன்றினுள் மெல்லிய குழாயொன்றைச் செலுத்தி இதயம்வரை கொண்டுசென்று, அதே நிலையில் நடந்துபோய்த் தம்மை எக்ஸ்கதிர்ப் படம் எடுப்பித்துக்கொண்டார். மேலதிகாரிகள் இதனை மெச்சவில்லை. பின்னர் நியூயோர்க்கில் கூர்னான், இரிச்சட்ஸ் என்னும் இருவர் இம்முறையைச் செம்மைப்படுத்தி, சுவாசப்பை நாடியின் அமுக்கத்தை ஒழுங்காக அளந்து காட்டினர். 1956 ஆம் ஆண்டு நோபல் பரிசை மூவரும் பகிர்ந்துகொண்டனர். இன்றும் இந்நோய்க்கு இறுதித் தீர்ப்பு வழங்குவது இக்குழாய்ப் பரிசோதனையே. எனினும், ஏற்றத்தில் மூச்சுவாங்கும் ஒவ்வொருவருக்கும் இதயத்தினுள் குழாய் செலுத்துதல் இயலாது, தகுந்ததும் அன்று.

இக்குழாய் முறையை இந்தியாவிற்குக் கொண்டுவந்தவர்களுள் ஒருவரை இவ்விடத்தில் குறிப்பிடல் பொருந்தும். சிவராமகிருஷ்ண ஐயர் பத்மாவதி 1917 ஆம் ஆண்டிலே பர்மாவிற் பிறந்து, இரங்கூனில் மருத்துவம் பயின்று, யுத்தத்தின் காரணமாக 1942 இல் கோயம்புத்தூருக்கு வந்துசேர்ந்தவர். இலண்டனிலும் அமெரிக்காவிலும் மேற்பயிற்சி பெற்றுத் திரும்பி, டில்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியிலே பணியாற்றினார். இதயத்தின் வலப்பக்கம் சுவாசப்பை நோயினால் தளர்ந்துவிட்ட 127 நோயாளரைப் பற்றி அவரும் அவருடைய சகவைத்தியர் ஒருவரும் எழுதிய ஆய்வு 1959 ஆம் ஆண்டில் அமெரிக்க இதயச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. மேல்நாடுகளில் இது புகைபிடிக்கும் ஆண்களின் நோயாகக் கருதப்பட்ட காலம் அது. டில்லியிலோ, புகைபிடிக்கும் வழக்கம் மிகக் குறைந்த பெண்களிடத்தும் ஆண்களுக்கு ஏறக்குறைய நிகராக அந்நோய் காணப்பட்டது, அதுவும் இளவயதிலேயே. காரணத்தைத் தேடிச் சென்றவர்கள் வந்து நின்ற இடம் அடுப்படி. சாளரமில்லாத சமையலறையில், விறகும் வரட்டியும் எரியும் அடுப்பின் முன்னே, சிறுவயது முதல் நாள்தோறும் பல மணிநேரம் குந்தியிருந்து உள்வாங்கிய புகை! பத்மாவதி 2020 ஆம் ஆண்டில், தம் 103 ஆம் வயதில் காலமானார். அவர் சுட்டிக்காட்டிய அடுப்புப் புகை இன்னும் ஓயவில்லை.

களனிப் பள்ளத்தாக்கின் லயங்களை அறிந்தவர்க்கு இதனை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காம்பரா, அதன் ஓரத்திலோ பின்புறத்திலோ சமையலிடம், கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறும் காய்ந்து விழுந்த இறப்பர்க் கிளையும் விறகு. நாட்டிலே மிகுந்த மழை பெறும் பகுதிகளுள் கித்துல்கலயும் ஒன்று. ஈரவிறகு எரிவதைக் காட்டிலும் புகைவதே அதிகம். மழைக்கு அஞ்சிக் கதவையும் சாத்திவிட்டால் புகை வெளியேறவும் வழியில்லை. எரிவாயு அடுப்பு வாங்கிய வீடுகளிலும், உருளையின் விலை ஏறும்பொழுது பழைய அடுப்பு மீண்டும் மூட்டப்படுகிறது. புகையினால் மூச்சுக் கிளைகள் நெடுநாள் அழற்சியுற்றுச் சுருங்க, சுவாசப்பையின் பல பகுதிகளுக்குப் போதிய ஒட்சிசன் செல்வதில்லை. காற்று வராத பகுதிக்குக் குருதியை வீணே அனுப்பாமல், அப்பகுதியின் குழாய்கள் சுருங்கிக்கொள்ளுதல் சுவாசப்பையின் இயல்பு. ஓரிடத்தில் மட்டும் நிகழ்ந்தால் இது சிக்கனம். சுவாசப்பை முழுவதும் நிகழ்ந்தால், வலது இதயவறையின் முன்னே கதவடைத்தது போலாகும்.

மலைநாட்டில் வாழ்வதே இந்நோய்க்குக் காரணமோ என ஐயுறுவோரும் உளர். உயர்ந்த மலைகளில் ஒட்சிசன் குறைவதால் இவ்வமுக்கம் ஏறுதல் உண்மையே. ஆயின் அது பொதுவாக 2,500 மீற்றருக்கு மேற்பட்ட இடங்களுக்குரிய செய்தி. நுவரெலியா நகரமே 1,900 மீற்றருக்கு உட்பட்டது. கித்துல்கலயோ மலையின் அடிவாரம். மலையின்மீது பழிபோட வேண்டியதில்லை.

இனி, தோலைக் கீறாமல் இவ்வமுக்கத்தை அறியும் முறைக்கு வருவோம். ‘எக்கோ’ என்று வைத்தியசாலைகளில் வழங்கும் பரிசோதனை அது. எக்கோ என்பதன் பொருள் எதிரொலி. மனிதச் செவி வினாடிக்கு 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியையே கேட்கும். எக்கோக் கருவியின் முனையிலிருந்து எழுவதோ வினாடிக்கு 20 இலட்சம் முதல் 50 இலட்சம் வரை அதிரும் ஒலி. அது மார்பினுட் புகுந்து, வினாடிக்கு ஏறத்தாழ 1,540 மீற்றர் வேகத்தில் சென்று, இதயத்தின் சுவர்களிலும் வால்வுகளிலும் பட்டுத் திரும்பும். திரும்ப எடுத்த நேரத்தைக் கொண்டு தூரம் கணிக்கப்படும். 1953 ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு லுண்ட் நகரில், இங்கே எட்லர் என்ற இதயவைத்தியரும் ஹெல்முத் ஹேர்ட்ஸ் என்ற பௌதிகரும், கப்பல் கட்டும் துறையில் உலோகத்தின் உட்பிளவுகளைக் கண்டறிய வைத்திருந்த ஒலிக்கருவியொன்றை இரவல் வாங்கி மார்பின்மேல் வைத்துப் பார்த்தனர். அவ்வாண்டு ஒக்டோபர் 29 ஆம் நாள் துடிக்கும் இதயத்தின் எதிரொலி முதன்முதலாகப் பதிவாயிற்று. எட்லர் தேடியது இருகூர் வால்வின் ஒடுக்கத்தை. இடப்பக்கத்து மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள அவ்வால்வைப் பற்றிப் பின்னரும் பேச நேரும்.

எதிரொலியினால் இதயத்தின் உருவம் தெரிந்தது. அமுக்கம் தெரிவது எங்ஙனம்? அமுக்கத்திற்கு உருவம் இல்லையே! இதற்கு விடை தர, 1842 ஆம் ஆண்டில் பிராக் நகரிலே கிறித்தியான் டொப்ளர் கூறிய ஒரு விதி துணைநின்றது. அவிசாவளையிலிருந்து ஹற்றனுக்குச் செல்லும் வீதியோரத்தில் நிற்பவர் எவரும் இவ்விதியைக் காதாற் கேட்டிருப்பர். வளைவிலே ஊதிக்கொண்டு வரும் பேருந்தின் ஒலி, நெருங்கும்பொழுது கீச்சென்று உயர்ந்தும், கடந்து அகலும்பொழுது தாழ்ந்தும் ஒலிக்கும். ஊதுகுழலில் மாற்றம் எதுவும் இல்லை. வண்டியின் வேகமே ஒலியை மாற்றிக் காட்டுகிறது. 1845 இல் ஒல்லாந்து நாட்டில் புகைவண்டியின்மேல் எக்காளம் ஊதுவோரை ஏற்றி, நிலத்திலே நின்ற இசைவல்லுநரைக் கொண்டு சுருதி வேறுபாட்டைக் கணிப்பித்து இவ்விதியை மெய்ப்பித்தனர். குருதியிலுள்ள சிவப்பணுக்களும் ஓடும் வண்டிகளே. அவற்றிற் பட்டுத் திரும்பும் ஒலியின் சுருதி எவ்வளவு மாறியது என்று கருவி கணித்தால், குருதி ஓடும் வேகம் வெளிப்பட்டுவிடும்.

வேகத்திலிருந்து அமுக்கத்திற்குச் செல்லும் வழி ஒரு கசிவின் வழியே அமைந்திருப்பது வியப்புக்குரியது. வலப்பக்க இதயத்தில் மேலறையாகிய சோணையறைக்கும் கீழறையாகிய இதயவறைக்கும் இடையே முக்கூர் வால்வு இருக்கிறது. இதயவறை சுருங்கும்பொழுது இவ்வால்வு மூடிக்கொள்ளும். நலமுள்ள பெரும்பாலானோரிடத்தும் அது முற்றாக மூடுவதில்லை. சிறிதளவு குருதி மேலறைக்குப் பின்னோக்கிப் பீறிடும். பரிசோதனைச் சீட்டில் ‘சிறு கசிவு’ என்று எழுதியிருப்பதைக் கண்டு இதயமே ஓட்டையாயிற்றோ என்று உறக்கம் இழப்போர் உளர். அத்துணை அச்சம் வேண்டியதில்லை. உண்மையில் அக்கசிவு வைத்தியருக்கு ஒரு கொடை. தோட்டத்திலே மேட்டுத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர்க்குழாய் கீழே ஓரிடத்தில் வெடித்திருந்தால், நீர் பீறிடும் விசையைக் கொண்டே தொட்டி எவ்வளவு உயரத்தில் உள்ளது என்று ஊகிக்கலாம் அன்றோ? அவ்வாறே, கசிவு பீறிடும் வேகத்தைக் கொண்டு, அதனைத் தள்ளும் அமுக்கத்தைக் கணிக்கலாம். நீர் இருமடங்கு வேகத்தில் பீறிட வேண்டுமாயின் தொட்டி நான்கு மடங்கு உயரத்தில் இருத்தல் வேண்டும். மும்மடங்கு வேகத்திற்கு ஒன்பது மடங்கு. வேகத்தின் வர்க்கமே அமுக்கத்தைக் கூறும். பதினெட்டாம் நூற்றாண்டிலே தானியேல் பேணூலி நீரோட்டத்தைப் பற்றி எழுதியதன் பயன் இது.

குருதியின் அடர்த்தியையும் இரசமானியின் அலகையும் சேர்த்துக் கணித்தால் வரும் விதி மிக எளியது. கசிவின் வேகத்தை வினாடிக்கு இத்தனை மீற்றர் என அளந்து, அதனை அதனாலேயே பெருக்கி, விடையை நான்கால் பெருக்கினால், இரு அறைகளுக்கும் இடையிலான அமுக்க வேறுபாடு மில்லிமீற்றர் இரச அளவிற் கிடைத்துவிடும். நோர்வே நாட்டில் லிவ் ஹட்லே என்னும் பெண் வைத்தியரும் அவருடன் உழைத்த பொறியியலாளரும் 1970களில் ஒடுங்கிய வால்வுகளில் இக்கணக்கை நடைமுறைக்குக் கொண்டுவந்தனர். 1984 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யொக், பொப் ஆகிய இருவர், முக்கூர் வால்வின் கசிவைக் கொண்டு கணித்த அமுக்கமும், குழாய் செலுத்தி அளந்த அமுக்கமும் பெரிதும் ஒத்துவருவதைக் காட்டினர்.

ஒரு கணக்கைச் செய்துபார்ப்போம். கசிவின் வேகம் வினாடிக்கு 2.5 மீற்றர். அதன் வர்க்கம் 6.25, நான்கால் பெருக்க 25. இஃது இரு அறைகளின் வேறுபாடு மட்டுமே. மேலறையில் முன்னரே உள்ள அமுக்கத்தையும் கூட்டல் வேண்டும். அதனை அறிய, வயிற்றிலிருந்து இதயத்திற்கு ஏறும் பெருநாளத்தைக் கருவியிற் பார்த்து, மூக்கால் சட்டென்று மூச்சிழுக்கச் சொல்வார்கள். நாளம் 21 மில்லிமீற்றருக்கு மேற்படாமல் இருந்து, பாதிக்கு மேல் சுருங்கினால் மேலறை அமுக்கம் 3 எனக் கொள்வர். அதனினும் விரிந்து, சுருங்காமலும் நின்றால் 15. இடைப்பட்ட நிலைக்கு 8. எனவே முதற் கணக்கின் விடை 28, நலமான இதயம். அடுத்தவருக்கு வேகம் 4 மீற்றர் எனவும், மேலறை அமுக்கம் 8 எனவும் கொண்டால் விடை 72. வேகத்தில் ஒன்றரை மீற்றரே வேறுபாடு. அமுக்கத்திலோ இரண்டரை மடங்கு.

இவ்விடத்தில் ஒரு நுட்பம் உண்டு. சீட்டை வாசிப்போர் அதனை மறத்தல் ஆகாது. எக்கோ கணிப்பது இதயம் சுருங்கும்பொழுது எழும் உச்ச அமுக்கத்தை. நோயின் வரையறையோ குழாய் செலுத்தி அளக்கும் சராசரி அமுக்கத்தைப் பற்றியது. அச்சராசரி 25 மில்லிமீற்றருக்குக் குறையாதிருப்பின் நோய் எனப் பல்லாண்டுகள் வழங்கி வந்தது. 2018 ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து நீஸ் நகரிற் கூடிய வல்லுநர் அதனை 20 இற்கு மேற்படின் நோய் என மாற்றுமாறு கூறினர். 2022 ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டியும் அதனை ஏற்றுக்கொண்டது. ஆகவே எக்கோவிலிருந்து ‘நோய் உண்டு’, ‘நோய் இல்லை’ என்று வெட்டொன்று துண்டிரண்டாகக் கூறாமல், வாய்ப்பு குறைவா, நடுத்தரமா, மிகுதியா என்றே அவ்வழிகாட்டி கூறச் சொல்கிறது. கசிவின் வேகம் 2.8 மீற்றருக்கு மேற்படாமல், வேறு அடையாளமும் இல்லையாயின் வாய்ப்பு குறைவு, 3.4 மீற்றரைக் கடந்தால் மிகுதி. இடையில் உள்ளோர்க்கு ஏனைய அடையாளங்களைக் கொண்டு முடிவு செய்வர்.

அவ்வடையாளங்கள் கண்ணுக்கே தெரிபவை. வலது இதயவறை இடதறையினும் பெருத்துவிட்டதா? இரண்டிற்கும் இடையிலுள்ள சுவர் எந்நிலையில் உள்ளது? குறுக்கே வெட்டிப் பார்த்தாற்போற் காட்டும் படத்தில் நலமான இடதறை வட்டமாகத் தோன்றும். வலப்பக்கத்து அமுக்கம் மிகுந்தால் இடைச்சுவர் தட்டையாகி, வட்டம் ‘டி’ என்னும் ஆங்கிலப் பேரெழுத்தின் வடிவத்தை அடையும். ஒரு முறை கண்டவர் அவ்வுருவத்தை மறவார். வலதறை சுருங்கும்பொழுது அதன் அடிப்பகுதி எவ்வளவு கீழிறங்குகிறது என்பதும் அளக்கப்படும். 17 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் அவ்வறை தளர்கிறது என்பது பொருள். நோயாளியின் வருங்காலத்தைப் பற்றி அமுக்கத்தின் இலக்கத்தைக் காட்டிலும் இத்தளர்ச்சியே மிகுதியாகப் பேசும். மிகவும் தளர்ந்த இதயம் அமுக்கத்தை எழுப்பவே வலிமையற்றுப் போதலால், இலக்கம் குறைந்து காட்டுதலும் உண்டு. அக்குறைவைக் கண்டு மகிழ்தல் பேதைமை.

கருவியின் குறைகளையும் கூறாமல் விடுதல் நேர்மையன்று. ஒலிக்கதிர் கசிவின் திசைக்கு நேராக அமையாமல் சாய்ந்தால் வேகம் குறைந்து தெரியும். வேகத்தில் நேரும் சிறு பிழையும் வர்க்கத்தினால் பெருகும்: 3.5 மீற்றரை 3.8 என்று அளந்துவிட்டால், 49 ஆக வேண்டியது 58 ஆகிவிடும். சிலருக்குக் கசிவே தெளிவாகக் கிடைப்பதில்லை. கசிவு கிடைக்கவில்லை என்பதனால் அமுக்கம் இல்லை என்று கொள்ளலாகாது. எல்லாவற்றினும் வருந்தத்தக்கது, காற்றின் ஊடாக இவ்வொலி செல்லாது என்பதே. புகையால் நெடுநாள் கெட்டு, காற்று அடைபட்டு ஊதிய சுவாசப்பை இதயத்தை மறைத்துக்கொள்ளும். யாருக்கு இப்பரிசோதனை மிகவும் வேண்டியதோ, அவர்களிடத்தே அது தடுமாறுகிறது. சுவாசப்பை மாற்றுச் சிகிச்சைக்குக் காத்திருந்த 374 பேரை அமெரிக்காவில் ஆராய்ந்து 2003 ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு இதனைக் காட்டும்: அவர்களுள் நூற்றுக்கு 44 பேரிடத்தே மட்டும் அமுக்கத்தைக் கணிக்க இயன்றது, கணித்தவற்றிலும் பாதிக்குச் சற்று மேற்பட்டவை 10 மில்லிமீற்றருக்கு அதிகமாகத் தவறியிருந்தன. ஆகவே எக்கோவில் வந்த ஓர் இலக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு அழுவதும் தகாது. ஆறுதலடைந்து வீட்டிலிருந்துவிடுவதும் தகாது. ஐயம் மிகுந்த இடத்தில், கடுமையான மருந்துகளைத் தொடங்குமுன், குழாய்ப் பரிசோதனை செய்தே உறுதிப்படுத்துவர்.

இவ்வளவு குறைகள் இருந்தும் எக்கோவை விடமுடியாமைக்கு ஒரு காரணம் உண்டு. அமுக்கம் ஏறியதைக் கூறும் அதே கருவி, அஃது ஏன் ஏறியது என்பதையும் பலவேளைகளிற் காட்டிவிடும். உலகெங்கும் இவ்வமுக்கத்திற்கு மிகவும் பொதுவான காரணம் இடப்பக்க இதயத்தின் நோயே. சுவாசப்பை நோய் அதற்கு அடுத்தது. குருதிக்கட்டி அடைத்தல், நாடிகளே காரணமின்றித் தடித்தல் முதலியன அருமையானவை. இடப்பக்க நோய்களுள் நம் நாடுகளில் தனியிடம் பெறுவது இருகூர் வால்வின் ஒடுக்கம். குழந்தைப் பருவத்தில் ஒருவகைக் கிருமியால் தொண்டை புண்ணாகும். சில வாரங்களில் மூட்டுவாதக் காய்ச்சல் வந்து, முழங்காலிலும் கணுக்காலிலும் மாறிமாறி வலித்து, பின்னர் மறைந்துவிடும். பள்ளிக்குச் சிலநாள் வராத பிள்ளை மீண்டும் வந்து ஓடியாடும்; யாவரும் மறந்துவிடுவர். வால்வு மறப்பதில்லை. பத்து, இருபது ஆண்டுகளில் அதன் இதழ்கள் தடித்து ஒட்டிக்கொள்ளும். ஒடுங்கிய வாயிலுக்குப் பின்னே குருதி தேங்க, அத்தேக்கம் சுவாசப்பைக்கும், அங்கிருந்து வலது இதயத்திற்கும் ஏறும். படியேற முடியாமல் நிற்கும் பெண்ணின் நோய் இதுவாயின், எக்கோப் படத்தில் அது மறைந்திருக்க இயலாது. 1953 ஆம் ஆண்டில் எட்லர் தேடிய அதே வால்வு அன்றோ!

கருப்பமுற்ற காலத்தில் இவ்வொடுக்கம் திடீரெனத் தலைதூக்கும். தாயின் குருதி அளவு ஏறத்தாழ பாதிப் பங்கு கூடுவதால், அதுவரை ஒருவாறு சமாளித்த இதயம் தத்தளிக்கும். இலங்கையில் பிரசவத்தையொட்டி நேரும் தாய்மாரின் மரணங்களுக்கு முதன்மையான காரணங்களுள் இதயநோயும் ஒன்று. கருப்பத்தில் மூச்சு வாங்குதல் இயல்பே என்று சொல்லிவிடுதல் எளிது. படுத்தால் மூச்சு முட்டி எழுந்து அமர்வது இயல்பன்று. அத்தகைய தாயை மருத்துவமாதுவும் தோட்டத்து வைத்திய உத்தியோகத்தரும் தாமதமின்றி அனுப்பிவைத்தல் வேண்டும். ஒடுங்கிய வால்வைத் திறக்க இப்பொழுது மார்பைப் பிளக்க வேண்டும் என்பதும் எப்பொழுதும் இல்லை. யப்பானிய வைத்தியர் கன்ஜி இனூவே 1984 ஆம் ஆண்டில் வெளியிட்ட முறைப்படி, தொடையின் நாளம் வழியே சிறு பலூன் ஒன்றைச் செலுத்தி, ஒட்டிய இதழ்களை விரித்துவிடலாம். வால்வு அதற்கேற்ற நிலையிலுள்ளதா என்று கூறுவதும் எக்கோவே. தொண்டைப்புண்ணுக்கு உரிய காலத்திற் பெனிசிலின் கொடுத்தலும், ஒரு முறை மூட்டுவாதக் காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒரு முறை ஊசி தவறாமல் ஏற்றுதலும் இத்தனையையும் முன்னரே தடுக்கும்.

பரிசோதனைக்குச் செல்வோர் அஞ்சுவதற்கு அதில் எதுவும் இல்லை. ஊசியில்லை, எக்ஸ்கதிர் இல்லை, கருப்பிணிகளுக்கும் தீங்கில்லை. இடப்பக்கமாகச் சரிந்து படுக்க, மார்பிலே குளிர்ந்த பசை பூசி, கருவியின் முனையை வைத்து அழுத்துவர். ஏறத்தாழ அரைமணி நேரம். அரசாங்க வைத்தியசாலையிற் கட்டணம் இல்லை. ஆயினும் செலவே இல்லை என்று சொல்வதற்கில்லை. கித்துல்கலத் தோட்டமொன்றிலிருந்து கேகாலைக்கோ கொழும்புக்கோ சென்று திரும்ப ஒரு முழுநாள் வேண்டும். ஒரு நாள் போனால் ஒரு பேர் போகும். நாட்குறித்துக் கொடுத்த பின்பும் பலர் போகாமல் இருப்பதற்குக் காரணம் அறியாமை என்று நகரத்தில் இருந்துகொண்டு கூறுதல் எளிது. சம்பளச் சீட்டைப் பார்த்தவர் அவ்வாறு கூறார். சென்றவர், சமைக்கும் அடுப்பு எத்தகையது, எத்தனை ஆண்டுகள் அதன்முன் இருந்தார், சிறுவயதில் மூட்டுவலியோடு காய்ச்சல் வந்ததா, எத்தனை படியில் மூச்சு முட்டுகிறது என்பவற்றைக் கேளாமலே சொல்லுதல் நல்லது. கருவி இவற்றை அறியாது.

முதற் சீட்டைத் தொலைக்காமல் வைத்திருத்தலும் வேண்டும். மழையில் நனையாதபடி பொலித்தீன் பையிலிட்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழோடு பெட்டியில் வைப்பார் சிலர்; அது தக்க இடமே. சிகிச்சைக்குப் பின், ஆறு மாதத்திலோ ஓர் ஆண்டிலோ மீண்டும் எக்கோ எடுக்கும்பொழுது வைத்தியர் இரண்டு சீட்டுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பார். முன்பு 3.9 என்றிருந்த கசிவின் வேகம் இப்பொழுது 3.1 ஆகியிருக்கிறதா, தட்டையாகியிருந்த இடைச்சுவர் மீண்டும் வளைந்திருக்கிறதா என்பனவே அவர் கண் முதலில் தேடும் இடங்கள்.